முதலில் தோசைக்கல்

தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகள் என்னிடம் பாத்திரப் பட்டியல் கேட்டால், தினமும் என்ன சாப்பிடுவீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். சோறு, குழம்பு, ஒரு பொரியல், ராத்திரிக்குத் தோசை. பெரும்பாலும் இதுதான் பதில். இதற்கு எதற்குக் கடைக்காரர் காட்டும் அந்தப் பெரிய செட்? குக்கர், இரும்பு வாணலி, அடி கனமான எவர்சில்வர் பாத்திரம், தோசைக்கல் போதும். இட்லிப் பானை இல்லாமலா என்று மாமியார்கள் பதறுவார்கள். குக்கருக்குள் தட்டை அடுக்கி, வெயிட் போடாமல் ஆவியில் வேகவிட்டால் இட்லிதான்.

குக்கர் இரண்டு பேருக்கு 3 லிட்டர் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021 முதல் அது சட்டப்படி கட்டாயம். பருப்பு வேகவைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி ஆவி போகிற துவாரத்தை அடைத்துவிடும். கேஸ்கெட் ஒன்று உபரியாக இருக்கட்டும்.

காசையும் பொறுமையையும் செலவழிக்க வேண்டிய இடம் தோசைக்கல். நான்ஸ்டிக்கை நான் சொல்ல மாட்டேன். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்; காலிக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனால் அந்தச் சூடு வந்துவிடும். வார்ப்பிரும்புக் கல் வாங்குங்கள். கடையிலேயே கண்ணாடி மேசைமேல் வைத்து ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். அளவு 10 அல்லது 11 அங்குலம். பெரிதாக இருந்தால் ஓட்டல் தோசை வரும் என்று நினைக்கிறார்கள். வீட்டு பர்னரில் நடு கருகும், ஓரம் வெள்ளையாகவே நிற்கும்.

வாங்கியதும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போக அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியால் மிக மெல்லிசாகத் தடவுங்கள். அப்புறம் புகை வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் தடவுங்கள். சூட்டில் எண்ணெய் இறுகிப் படலமாகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் கல்லின் வழவழப்பு. தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்புதான் மிச்சம். பிறகு ஒரு கை சின்ன வெங்காயத்தை அதில் கருக வதக்கிக் கொட்டுங்கள். முதலில் ஊத்தப்பம் போடுங்கள், மெல்லிய தோசைக்கு அவசரம் வேண்டாம். கல் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டோடும். அந்த நேரத்தில் மாவை ஊற்றினால் நடுவே கிழிந்து போகிறது; தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒரு துடை துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அந்தக் கல்லில் சப்பாத்தி மட்டும் போடாதீர்கள். இதைப் பாட்டிகளின் சாஸ்திரம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. உலர்ந்த மாவு கருகி ஒட்டுகிறது, எண்ணெயே இல்லாமல் வெகுநேரம் காய்வதால் படலமும் எரிந்துபோகிறது. மறுநாள் தோசை கல்லைவிட்டு வராது. சப்பாத்திக்கு மலிவாக ஒரு தவா தனியாக இருக்கட்டும். சுடு கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

இரும்பு வாணலியில் வதக்கலாம், வறுக்கலாம், பொரிக்கலாம். புளிக்குழம்பை அதில் வைத்தால் நிறம் கறுத்து இரும்பு வாடை அடிக்கும்; அது எவர்சில்வரில் கொதிக்கட்டும். கல்சட்டிமேல் எனக்குப் பித்து உண்டு, அடுப்பை அணைத்த பிறகும் வற்றல்குழம்பு அதில் கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் அதையும் நாள்கணக்கில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்க வேண்டும். வேலைக்குப் போகிற புதுசுகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கல்லைப் பழக்க நேரம் இருக்காது. குடித்தனம் கொஞ்சம் நிலைத்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா வீட்டில் பழகிய தோசைக்கல் இருந்தால், கூச்சப்படாமல் அதைக் கேளுங்கள். பதிலுக்குப் புதுக்கல் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பழக்குகிற கை அங்கே இருக்கிறது.