சாவா மூவாப் பேராடும் ஒரு சிறு இணையதளமும்

சோழர் காலக் கோயில் சாசனங்களில் நந்தா விளக்குக் கொடைகளைப் படித்தவர்களுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர் மறக்காது. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிவதற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். தனித்தனி ஆடு மூப்படையும், சாகும். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்து வருவதால் மந்தைக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை. விளக்கை நிலைபெறச் செய்தது அதைச் சூழ்ந்திருந்த இந்த ஏற்பாடுதான்.

ஒரு சிறு இணையதளத்துக்கு நம்பகமான இடம் தேடத் தொடங்கியபோது எங்களுக்கு இத்தொடர் அடிக்கடி நினைவில் எழுந்தது. எலவனாசூர்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்வராயன் மலையிலும் வழங்கும் சொற்களை மாணவர்களோடு சேர்ந்து சில ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறோம். சாமை, தினை, கேழ்வரகு பயிரிடுவோரின் வேளாண் சொற்கள், உறவுப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், அவற்றைச் சொன்ன பெரியவர்களின் குரல் பதிவுகள், கோயில் சுவர்க் கல்வெட்டுகளின் படங்கள் ஆகியன இதுவரை சேர்ந்திருப்பவை. குரல் தந்தவர்களில் சிலர் இன்று இல்லை. பேரப்பிள்ளைகள் கேட்கட்டும் என்று சொல்லித் தந்தவர்கள் அவர்கள். அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்றவர்கள் என்ற முறையில் இடம் தேடுவது எங்களுக்கு வெறும் விலை விசாரிப்பாக இருக்கவில்லை.

விளம்பரங்கள் அனைத்தும் விழுக்காட்டில் பேசுகின்றன. 99.9 விழுக்காடு நேரம் தளம் இயங்கும் என்பது ஓராண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் இயங்காது என்பதாகும். 99 விழுக்காடு என்றால் மூன்றரை நாளுக்கு மேல். எங்களைப் போன்ற சிறு தளத்துக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. ஒருநாள் படுத்துக் கிடந்த தளம் மறுநாள் எழுந்துவிடும். ஒரேயடியாக இல்லாமற் போவதுதான் எங்கள் அச்சம். அதைப் பற்றி எந்த விழுக்காடும் பேசுவதில்லை.

இல்லாமற் போவது இருவகையில் நேர்கிறது. ஒன்று, இடம் தந்தவர் கடையை மூடுவது. 1994இல் தொடங்கி 1999இல் யாகூவின் கைக்கு வந்த ஜியோசிட்டீஸ் தளத்தில் தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பல குடியிருந்தன. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் அது மூடப்பட்டது. இலவச மனையில் கட்டிய வீடுகளின் முகவரிகள் ஒரே நாளில் செல்லாதவையாயின. தன்னார்வலர்கள் முன்கூட்டியே படியெடுத்து வைத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. மற்றொன்று விபத்து. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் வழங்கிக் கூடம் ஒன்று தீயில் அழிந்தது. மாற்றுப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தனர். முன்னது சிறுவர் விளையாட்டுத்தனமான இலவச இடம், பின்னது ஐரோப்பாவின் பெரும் நிறுவனம். ஆகவே நிறுவனத்தின் அளவைக் கொண்டு நம்பகத்தை அளக்க முடியாது.

படியெடுத்துக் காப்பது நமக்குப் புதிய பாடமும் அன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தார்கள். பின்னர் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1026இல், அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். சுவர் மாறியது, சாசனம் மாறவில்லை. ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்வதற்கு இதைவிடத் தெளிவான முன்னோடி நாங்கள் அறிந்தவரை இல்லை.

இந்த எடுத்துக்காட்டிலிருந்தே எங்கள் அளவுகோல் பிறந்தது: எந்த இடத்தை விட்டு எளிதாக வெளியேற முடியுமோ அதுவே நம்பத்தக்க இடம். இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்ல வேண்டாத ஐந்து நிறுவனங்களுக்கு ஒரே மடலை அனுப்பினோம். ஆள்களப் பெயர் எங்கள் பெயரில் பதிவாகுமா, விரும்பும்போது வேறிடத்துக்கு மாற்ற இயலுமா? கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் உங்கள் உதவியின்றி நாங்களே முழுமையாக இறக்கிக்கொள்ள முடியுமா? மாற்றுப்படி எந்த ஊரில் இருக்கிறது? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? இவை நான்கே கேள்விகள். முதலாண்டுக் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள் பலர் இரண்டாம் ஆண்டுக்கு அதைப்போல் மூன்று மடங்கு சொன்னார்கள். 'அளவற்ற இடம்' என்றவர்கள் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தார்கள். இருவர் மறுமொழியே தரவில்லை. அதுவும் ஒரு மறுமொழியே. நான்குக்கும் நேராக விடை எழுதிய ஒரு சிறிய நிறுவனத்தைத் தேர்ந்தோம்.

பணம் கட்டுமுன் தமிழுக்கென ஒரு சோதனையும் செய்தோம். எலவனாசூர்கோட்டை என்னும் ஒன்பதெழுத்துப் பெயர் ஒருங்குறியில் 15 குறிகளாகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு, ஆக 45 பைட்டு. பழைய அமைப்பிலுள்ள தரவுத்தளம் இப்பெயரை வாங்கிக்கொண்டு வரிசையாகக் கேள்விக்குறிகளைத் திருப்பித் தரக்கூடும். ஊர்ப் பெயரை உள்ளே இட்டு, முழுத் தரவையும் வெளியே எடுத்து, மற்றொரு கணினியில் ஏற்றிப் பார்த்தோம். பெயர் சிதையாமல் வந்தது.

எனினும் நிறுவனத்தைத் தேர்வது பாதி வேலைதான். தமிழில் நீடித்து நிற்கும் தளங்களைப் பாருங்கள். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தகுதர எழுத்துருவில் நூல்களை வெளியிட்டு, பிறகு ஒருங்குறிக்கு மாறியது. முகப்புக் குறிப்பைச் சிதைக்காமல் எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்ற உரிமையை ஒவ்வொரு கோப்பிலும் எழுதி வைத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல கைகளின் உழைப்பால் சேர்த்து வருகிறது. இவற்றைத் தாங்குவது பல ஊர்களில் இருக்கும் மனிதர்கள். தளம் ஒருவரது கடவுச்சொல்லில் தொங்குமானால், அவரது நோயோ மறதியோ அதை முடித்துவிடும். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறிய ஆள்களப் பெயரைக் குறிப்பிட்ட கெடு கடந்தால் வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பெயரை ஐந்தாண்டுக்கு ஒன்றாகப் பதிந்திருக்கிறோம். புதுப்பிக்கும் நாளும் கடவுச்சொற்களும் மூவரிடம் எழுத்தில் உள்ளன; அவர்களில் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவர். பக்கங்களை எந்த வழங்கியிலும் திறக்கும் எளிய கோப்புகளாக அமைத்திருக்கிறோம். முழுப்படி ஒன்று கல்லூரியிலும் மற்றொன்று வேறு ஊரிலும் இருக்கின்றன. தை மாதந்தோறும் ஒரு படியை வேறிடத்தில் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். செலவு பெரிதில்லை, கவனம்தான் வேண்டும்.

கோயில் சாசனங்கள் பல, தருமத்தைப் 'பன்மாகேசுவர ரட்சை' என்று அடியார் கூட்டத்தின் காவலில் ஒப்படைத்து முடிகின்றன. இதைப் படிப்பவர்களில் சிற்றிதழ்த் தளம், நூலடைவு, மறைந்த எழுத்தாளரின் தொகுப்பு என்று ஏதேனும் ஒன்றை நடத்துவோர் இருப்பீர்கள். உங்கள் தளத்தின் முழுப்படி இன்று எங்கே இருக்கிறது, உங்களைத் தவிர வேறு யார் அதைத் திறக்க முடியும் என்று இவ்வாரத்துக்குள் ஒரு தாளில் எழுதி ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.