வேலிக்கு உள்ளே உயர்ந்து நிற்கும் மண்

கொஞ்சம் நீளமான பதிவு. புவியியல் படிப்பிப்பவர்கள் மட்டுமல்ல, வயலும் தோட்டமும் வைத்திருப்பவர்களும் நேரம் கிடைத்தால் வாசியுங்கள்.

ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்த நாளிலிருந்து நாங்கள் பிறேரிப் புல்வெளிப் பாடத்தை ஒரே மாதிரித்தான் படிப்பித்து வந்தோம். வட அமெரிக்காவின் பரந்த புல்வெளி, வளமான கரிய மண், சோளமும் கோதுமையும், பெரிய பெரிய இயந்திரங்கள். கரும்பலகையில் நான்கு வரி. பிள்ளைகள் பாடமாக்குவார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், புள்ளி கிடைக்கும். போன தவணை பின்வாங்கில் இருந்த ஒரு மகள் எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், அந்த மண் மட்டும் ஏன் கறுப்பு?"

"உக்கல் கூட" என்றோம்.

"அப்ப அங்க மட்டும் ஏன் உக்கல் கூட?"

மணி அடித்துவிட்டது. அன்று மணி எங்களைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். இரவு கலாசாலைத் தோழர்களின் வட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வியைப் போட்டோம். எல்லோரும் புவியியல் படிப்பிப்பவர்கள். முழுப் பதில் ஒருவரிடமும் இல்லை. அதற்குப் பிறகுதான் சேர்ந்து தேட ஆரம்பித்தோம்.

எல்லாப் பிறேரி மண்ணையும் பற்றிப் பேசாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிளாரியன் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அதன் பெயரையே அங்குள்ள ஒரு மண்ணுக்கும் வைத்திருக்கிறார்கள். மேட்டு நிலங்களிலும் மெல்லிய சரிவுகளிலும் இருக்கும் மண் அது.

அதன் கதை பனிக்கட்டியில் தொடங்குகிறது. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து ஒரு பனிக்கட்டியாறு நாக்கு நீட்டியதுபோல் இறங்கி வந்து, இன்று டெ மொயின் நகரம் இருக்கும் இடம் வரை நீண்டு நின்றது. வந்த வழியெல்லாம் பாறையைச் சுரண்டி அரைத்துக்கொண்டே வந்தது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கியபோது, சுமந்து வந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போனது. இந்தப் படிவுக்கு 'டில்' என்று பெயர். ஆறு கொண்டுவரும் மண் என்றால் மணல் ஒரு பக்கம், வண்டல் ஒரு பக்கம் என்று தரம் பிரிந்து படியும். டில்லில் அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. களி, வண்டல், மணல், கூழாங்கல், வடக்கிலிருந்து வந்த கருங்கல், சுண்ணாம்புக்கல்லின் தூள் எல்லாம் ஒரே கலவை. அயோவா விவசாயிகள் வயலில் உழும்போது பெரிய பாறாங்கற்கள் தட்டுப்படுவது இதனால்தான்.

எங்கள் நாட்டின் செங்கபில மண் மிகப் பழைய பாறை வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் உக்கி உருவானது. போசணைகளில் ஒரு பகுதி மழையோடு கழுவிப் போய்விட்டது. டில்லோ புதிதாய் அரைத்த மா மாதிரி. சுண்ணாம்பும் கனியுப்புகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் அது கறுப்பு அல்ல, மஞ்சள் கலந்த கபில நிறம். கறுப்பைக் கொடுத்தது புல்.

பனி போன பின் முதலில் ஊசியிலை மரங்கள் வந்தன. பிறகு அகன்ற இலை மரங்கள். காலநிலை வரண்டு சூடேறிய பின்தான் உயரமான புல் நிலத்தைப் பிடித்தது. பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆளுயரத்துக்கும் மேலே வளரும். அதன் வேர்கள் நிலத்துக்குள் பல அடி இறங்கும். காட்டில் இலை மேலே விழுந்து மேலேயே உக்கும். புல்வெளியில் வேர்கள் மண்ணுக்குள்ளேயே செத்து உக்கும். அங்குள்ள நீண்ட குளிர்காலத்தில் உக்கும் வேலை மெதுவாகிவிடும். எங்கள் வெப்பத்தில் ஒரு வருடத்தில் கரைந்து போவது அங்கே தங்கி நின்றது. டில்லில் இருந்த கல்சியம் அந்தக் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான வருடங்கள் வேர் மேல் வேர் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு.

கிளாரியன் மண்ணில் ஒரு குழி வெட்டினால் மேலே ஒரு அடி, ஒன்றரை அடிக்குக் கரிய இருவாட்டி மண். அதன் கீழே கபிலப் படை. மேலும் இறங்கினால் மஞ்சள் கபில டில். அந்த ஆழத்து மண்ணில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சுண்ணாம்பு இன்னும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். மேற்படையில் நுரைக்காது, மழை அதைக் கீழே கொண்டுபோய்விட்டது.

இவ்வளவும் அந்த மகளின் கேள்விக்குப் பதில். தேடலை இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல பாடக்குறிப்பு மட்டும் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு வாசித்ததுதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

1837இல் ஜோன் டியர் என்ற கொல்லர் இலினோயில் உருக்குக் கலப்பை ஒன்றைச் செய்தார். ஒட்டிப் பிடிக்கும் பிறேரி மண்ணை அது வழுக்கிக்கொண்டு வெட்டியது. அங்கே வாழ்ந்த பூர்வீக மக்கள் அகற்றப்பட்டார்கள், புல்வெளி உழப்பட்டது. இன்று அயோவாவில் பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

ஐசக் லார்சன் என்ற புவியியலாய்வாளர் மினசோட்டாவில் நோர்வேக் குடியேறிகள் கட்டிய ஒரு பழைய தேவாலயத்துக்கு ஒரு கலியாணத்துக்காகப் போயிருக்கிறார். தேவாலய வளவு உயர்ந்தும், சுற்றியிருந்த சோள வயல் பதிந்தும் இருப்பதைக் கண்டார். வளவு உயரவில்லை. வயல்தான் இறங்கியிருந்தது. பிறகு அவரும் அவருடைய குழுவினரும், உழப்படாமல் எஞ்சிய புல்வெளித் துண்டுகளையும் பக்கத்து வயல்களையும் ஒப்பிட்டு அளந்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவின்படி, குடியேற்றம் தொடங்கிய நாள் முதல் ஆண்டுக்குச் சுமார் 1.8 மில்லிமீற்றர் மண் போயிருக்கிறது. ஒரு நாணயத்தின் தடிப்பளவு. ஒரு வருடத்தில் யாருக்கும் தெரியாது. 160 வருடத்தில் அது ஏறத்தாழ ஒரு அடி.

அதற்கு முந்திய வருடம் இதே குழு செய்மதிப் படங்களை வைத்து இன்னொரு முடிவைச் சொன்னது. சோளம் விளையும் அந்த முழு வலயத்திலும் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் கரிய மேற்படையே இல்லை. போனது பெரும்பாலும் மேடுகளின் தலையிலிருந்து. மழை மட்டும் காரணமல்ல. உழும் ஒவ்வொரு முறையும் கலப்பை மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. அதனால்தான் மேலிருந்து பார்த்தால் கரிய வயல்களின் நடுவே மேடுகள் மட்டும் வெளிறித் தெரிகின்றன. நாங்கள் "வளமான கரிய மண்" என்று படிப்பித்த இடத்தில் பல மேடுகளில் இப்போது கீழ்ப்படைதான் மேலே கிடக்கிறது.

எஞ்சிய புல்வெளித் துண்டுகளில் பல பழைய கல்லறைத் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. வேலி போட்டதால் கலப்பை உள்ளே போகவில்லை. மரித்தவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மண் உயிரோடு இருக்கிறது. இதை வாசித்தபோது எங்கள் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி எங்கள் மையித்துகளுக்கு மண் மறுக்கப்பட்ட 2020ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். மூன்று பிடி மண் போட முடியாமல் நின்ற குடும்பங்கள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன. மண்ணுக்காக அவ்வளவு அழுத நாங்கள், மண் என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டபோது இரண்டு சொல்லில் உட்கார வைத்திருக்கிறோம்.

போன மண் நம் ஆயுளில் திரும்பி வராது. ஆனால் மிஞ்சியதைக் காக்க வழி இருக்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் செய்த பரிசோதனையில், வயலின் பத்தில் ஒரு பங்கைச் சரிவின் குறுக்கே மறுபடி பிறேரிப் புல்லாக விட்டபோது, நீரோடு அடிபட்டுப் போகும் மண் 95 சதவீதம் குறைந்தது. உழாமல் விதைக்கும் விவசாயிகளும் அங்கே இருக்கிறார்கள்.

இந்தத் தவணை பாடத்தை மாற்றிவிட்டோம். குழியின் படத்தைக் கீறி, அமிலம் விட்டால் எங்கே நுரைக்கும் என்று கேட்கிறோம். கடைசியில் கரிய படைக்குப் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதுகிறோம்: உருவாக ஆயிரக்கணக்கான வருடங்கள், ஒரு அடி போக 160 வருடம். பரீட்சையில் இது வராமல் போகலாம். அந்த மகள் அதைக் கொப்பியில் எழுதிவிட்டுக் கேட்டாள், "அப்ப எங்கட மண் எவ்வளவு போயிருக்கு, டீச்சர்?"

இந்த முறை உட்கார வைக்கவில்லை. அடுத்த கிழமை வகுப்போடு ஊர் மையவாடிச் சுவருக்குப் போகிறோம், அளவுகோலும் கையுமாக. உள்ளேயும் வெளியேயும் மண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊரிலும் உழாத பழைய வளவு ஏதாவது இருந்தால், பக்கத்து வயலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.