அது எந்த மாடல்?

2011 ஆம் ஆண்டின் கோடையில், விடுமுறையில் சென்ற ஒரு பங்குக் குருவுக்குப் பதிலாக, வட அயர்லாந்தின் டவுண் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் ஆறு வாரங்கள் பணியாற்ற நேர்ந்தது. சிறு சிறு பசுங்குன்றுகள், கல்லடுக்கிய வரப்புகள், வேளை கெட்ட வேளையில் தூறும் வானம். காவிரிப் பாய்ச்சலில் பிறந்த நமக்கு அங்கே பழகிய பொருள் ஒன்றும் தென்படவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், பழகிய ஒன்று கண்ணில் படுமுன் காதில் வந்து விழுந்தது.

குருவில்லத்தின் பின்புறமிருந்து ஒரு டிராக்டரின் ஓசை. திருவையாற்றை அடுத்த நம் ஊரில், மிராசுதாரின் களத்தில் போரடிக்க வந்த ‘ஆயிரத்து முப்பத்தைந்து’ எழுப்பிய அதே ஓசை! மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சினுக்கென்று ஒரு தாளம் உண்டு. நான்கு சிலிண்டரைப் போல் ஒரே சீராக ஓடாது, நடையில் சற்றே தாங்கித் தாங்கிச் செல்லும். மட்கார்டின்மேல் அமர்ந்து அதைக் கேட்டு வளர்ந்த செவி எளிதில் ஏமாறாது என்று அன்று நாம் எண்ணினோம். அந்த எண்ணமே பின்னர் நம்மைத் தலைகுனிய வைத்தது.

நம் ஊர் வண்டிக்கும் அந்த ஊர் வண்டிக்கும் உறவு உண்டென்பது உண்மையே. 1960 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு செய்தளித்த வண்டி நம்முடையது. அதற்கு மூலம், இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் உருவான ‘35’ என்னும் மாடல். அதற்கும் மூலவர் டவுண் மாவட்டத்துக்காரரே! 1884 இல் அங்கே ஓர் உழவர் வீட்டில் பிறந்த ஹாரி பெர்குசன், 1909 ஆம் ஆண்டின் கடைசி நாளில், தாமே செய்த விமானத்தில் ஏறி அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர். அதனினும் பெரிய அவர் சாதனை கலப்பையைச் சார்ந்தது. அதற்குமுன் டிராக்டர்கள் கலப்பையை வெறுமனே இழுத்துச் சென்றன. கொழு பாறையில் சிக்கினால் முன்சக்கரம் மேலெழுந்து, வண்டி ஓட்டுநர்மேல் மல்லாந்து விழுவதும் உண்டு. அவர் கலப்பையை மூன்று முனைகளில் வண்டியோடு பிணைத்து, எண்ணெயழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறையை அமைத்தார். இன்று உலகில் எந்த வயலில் உழும் டிராக்டரைப் பின்னிருந்து பார்த்தாலும் அந்த மூன்று முனைகளைக் காணலாம். அவ்வூரார் அவர் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு ஏறுவதில் வியப்பில்லை.

ஓசை வந்த திசையில் சென்றோம். எழுபதைக் கடந்த ஓர் உழவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பானெட் இரத்தச் சிவப்பு. கீழுடல் சாம்பல் நிறம். பக்கவாட்டில் ‘35 எக்ஸ்’ என்ற புத்தம்புது வில்லை. இரண்டு குளிர்காலம் செலவிட்டு அவரே பழுது பார்த்துப் புதுப்பித்தாராம். வருகிற சனிக்கிழமை பழைய இயந்திரங்களின் கண்காட்சி; அதற்குமுன் மந்திரித்துத் தர வேண்டுமென்று கேட்டார். மகிழ்வோடு இசைந்தோம்.

மறுநாள் காலை அவருடைய தம்பி வந்தார். 1963 இல், பதினெட்டாம் வயதில், கானடாவுக்குச் சென்றவர். இப்போது தங்கை வீட்டில் தங்கியிருந்தார். அண்ணனும் தம்பியும் பேசி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதாம். காரணம் அந்த டிராக்டரே. 1975 இல் தந்தை இறந்தபோது நிலம் மூத்தவருக்கென்றும், வண்டியும் கருவிகளும் இருவருக்குமென்றும் எழுதி வைத்திருந்தார். தம்பி தம் பங்கைக் கேட்டு எழுதிய மடலுக்கு, “அப்பாவின் வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது, இங்கே நிற்பது என் உழைப்பில் நான் வாங்கியது” என்று அண்ணனிடமிருந்து மறுமொழி வந்தது.

“அது பொய், ஃபாதர். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1957 வசந்தத்தில், அப்பா புதிதாய் வாங்கிய வண்டி அது. மேலே சாம்பல், கீழே தங்க நிறம். அதில்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒற்றைக் காசு வேண்டாம். அது அதுதான் என்று அவர் வாயால் சொன்னால் போதும்.”

கண்காட்சிப் படிவத்திலோ நிறுவனம், மாடல், ஆண்டு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அண்ணன் ‘மாஸி பெர்குசன், 35 எக்ஸ், 1963’ என்று நிரப்பி வைத்திருந்தார்.

வண்டியின் எண் பொறித்த தகடு இருந்திருந்தால் வழக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இவ்வகை வண்டிகளுக்கு அது கருவிப் பலகையில் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு ஆண்டைக் கண்டுவிடலாம். ஆனால் பழைய பலகை துருவேறிப்போனதால் எறிந்துவிட்டுப் புதியது பொருத்தியிருந்தார். ஆகவே அங்க அடையாளங்களே சான்று.

அன்று மாலை கொட்டகையில் சகோதரர் இருவரும் எதிரெதிர் சுவரோரம் நின்றனர். ஊர் மெக்கானிக்கும் வந்திருந்தார். நடுவராக நம்மை யாரும் அமர்த்தவில்லை, நாமே அமர்ந்துகொண்டோம். பம்பிலிருந்து இஞ்சினுக்குச் செல்லும் டீசல் குழாய்களை எண்ணினோம். சிலிண்டருக்கு ஒன்று வீதம் மூன்று. மெக்கானிக்கைக் கேட்டோம். 1956 இல் வெளிவந்த பெர்குசன் 35 இன் டீசல் வண்டிகளில் இருந்தது நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு இஞ்சின். குளிர்காலக் காலையில் உயிர் பெறாமல் உழவர்களை அழவைத்தது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இஞ்சின் 1959 இல்தான் வந்தது. அதைச் சற்று வலுவாக்கி 1962 இன் இறுதியில் 35 எக்ஸ் வந்தது என்றார்.

“அப்படியாயின், இது 1957 ஆம் ஆண்டு வண்டியாக இருக்க இயலாது” என்று தீர்ப்பு வழங்கினோம். குரலில் கொஞ்சம் பெருமிதமும் இருந்திருக்கும். தம்பி நம்மை ஒரு முறை பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வென்ற அண்ணனின் முகத்திலோ மகிழ்ச்சியின் சாயல் சிறிதுமில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வியாழனன்று மெக்கானிக் குருவில்லத்துக்கு வந்தார். அவருக்கும் உறக்கமில்லையாம். அவர் விளக்கியதைக் கேட்டபோது, குருமடத்துத் தத்துவ வகுப்பில் கற்றதெல்லாம் நமக்கு எங்கே போயிற்று என்று நாணினோம். இவ்வகை டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. இஞ்சினே முதுகெலும்பின் நடுத்துண்டு. முன்னே அச்சோடும் பின்னே கிளச் கூட்டோடும் போல்ட்டால் பிணைக்கப்பட்டது. போல்ட்டுகளைக் கழற்றி வண்டியை இரண்டாகப் பிரித்தால் ஓர் இஞ்சினை எடுத்து வேறொன்றைப் பொருத்தலாம். முரண்டு பிடித்த நான்கு சிலிண்டர் வண்டிகள் பலவற்றுக்கு உழவர்கள் அப்படித்தான் செய்தார்கள். எனவே இஞ்சின் தன் வயதைச் சொல்லுமேயன்றி வண்டியின் வயதைச் சொல்லாது. பின்பாதியைத்தான் கேட்க வேண்டும்.

பின்பாதியை எப்படிக் கேட்பது? நிறத்தைக் கொண்டு. மாஸி ஹாரிஸ் என்னும் கானடா நிறுவனத்தோடு பெர்குசன் நிறுவனம் 1953 இல் இணைந்த பிறகும், காவன்ட்ரியில் சில ஆண்டுகள் பெர்குசன் பெயரிலேயே வண்டிகள் வந்தன. முதல் 35 களுக்கு மேல்தகடு சாம்பல். வார்ப்பிரும்பு உடலோ பொன்னும் செம்பும் கலந்த நிறம். 1957 இன் இறுதியில்தான் சிவப்புப் பானெட்டும் சாம்பல் உடலும் வந்தன. ஆகவே சாம்பல் பூச்சின் அடியில் பொன்னிறம் இருந்தால், அது பழைய பெர்குசனே.

நாம் மெக்கானிக்கோடு அண்ணனின் கொட்டகைக்குச் சென்றோம். மிதிபலகையைக் கழற்றி, கியர்ப்பெட்டியின் மூலையில், தூரிகை எட்டாத இடமாகப் பார்த்துச் சுரண்டத் தொடங்கினார். புதிய சாம்பல் உரிந்தது. பழைய சாம்பல் உரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. அதன்கீழ் கட்டைவிரல் அகலத்துக்குப் பொன்னிறம் மின்னியது.

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இஞ்சின் என்னுடையது” என்றார்.

1963 இன் கொடுங்குளிரில் அப்பாவின் வண்டி அடியோடு மக்கர் செய்துவிட்டதாம். அவர் இலண்டனுக்குச் சென்று, கட்டட வேலையில் கல்லும் சாந்தும் சுமந்து, அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். பள்ளத்தில் கவிழ்ந்து பின்பாதி நொறுங்கிய ஒரு 35 எக்ஸ் விலைக்கு வந்தது. அதன் இஞ்சினையும் சிவப்புப் பானெட்டையும் வாங்கி, அப்பாவும் அவருமாகப் பொருத்தினார்கள். அன்று முதல் வண்டி ஒரு காலையும் ஏமாற்றவில்லை. “தம்பி கானடாவிலிருந்து பங்கு கேட்டு எழுதியபோது, என் கைக் கொப்புளங்களுக்கு யார் பங்கு தருவார் என்று தோன்றியது. ஒரு முறை எழுதிவிட்டேன். பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.”

நாம் அங்கிருந்து நேரே தங்கையின் வீட்டுக்குச் சென்று, தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாய் அண்ணன் பொய்யர் என்று நம்பியிருந்தவர், நம் தீர்ப்புக்குப் பிறகு ஓர் இரவு முழுவதும் தம் நினைவே பொய்யோ என்று தவித்திருக்கிறார். தந்தை சாய்வான இடத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டு இஞ்சினைக் கிளப்பியதுகூடக் கனவோ என்று ஐயுற்றாராம். கொட்டகையில் நடந்ததைச் சொன்னோம். பொன்னிறம் கண்டதைவிட, இஞ்சின் மாற்றிய செய்திதான் அவரை அதிகம் கலக்கியது. “இலண்டனில் மூட்டை சுமந்ததை அவன் எனக்கு எழுதவே இல்லையே” என்று இருமுறை சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் இருவரும் கொட்டகையில் என்ன பேசினார்கள் என்பதை நாம் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியை மந்திரித்தோம். படிவத்தில் பழைய வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. ‘பெர்குசன் 35, 1957. இஞ்சின்: பெர்கின்ஸ், 1964 இல் மாற்றப்பட்டது’ என்று தம்பியின் கையெழுத்தில் இருந்தது. சிவப்பு வண்ணத்தைச் சுரண்ட நேரமில்லை; ‘35 எக்ஸ்’ வில்லையை மட்டும் கழற்றியிருந்தார்கள். இரண்டு துளைகள் தெரிந்தன. மிதிபலகை ஓரத்தில் மெக்கானிக் சுரண்டிய இடத்தில் யாரும் மறுபூச்சுப் பூசவில்லை.

திடலில் வண்டியைச் சுற்றி ஓட்டும் முறை வந்தபோது, அண்ணன் இருக்கையைத் தம்பிக்கு விட்டார். பல ஆண்டுகள் தொடாத கை; கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் கறகறவென்று அலறின. வேலியோரம் நின்ற அண்ணன், கிளச்சை முழுவதும் மிதிக்கச் சொல்லி இரு கைகளையும் உயர்த்திக் கத்தினார். அந்த மூன்று சிலிண்டர் ஓசையில் தம்பிக்கு அது கேட்டிருக்காது.