தங்கச்சியின் பரீட்சை

என் தங்கச்சியின் பத்தாம் வகுப்புப் பரீட்சையைக் கெடுத்தவள் நான். வீட்டில் இன்றுவரை அதற்கு வேறு காரணங்கள் சொல்கிறார்கள். கணக்குப் பேப்பர் கஷ்டம், அந்த மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவளுக்குப் படிப்பு அவ்வளவாக வராது. கடைசிக் காரணத்தை எடுத்துக்கொடுத்தவளும் நான்தான்.

எங்களுக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் மல்லிகை. தங்கச்சிமடத்து நாற்று வாங்கிவந்து அப்பா வைத்த செடிகள். பூக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொட்டு விரிவதற்குள், வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். வாய் திறந்துவிட்ட பூவை மார்க்கெட்டில் கையில் தொடமாட்டார்கள். அதனால் நாலு மணிக்கு நெற்றியில் ஹெட்லைட், இடுப்பில் மடியாகக் கட்டிய பழைய சேலைத் துண்டு. பனியில் பாவாடை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். ஏழு மணிக்கு முன்னால் அப்பா பையைக் கட்டிக்கொண்டு கமிஷன் கடைக்குக் கிளம்பினால்தான் விலை. அதற்குப் பிறகு குளித்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய் உட்கார வேண்டும். சாயங்காலம் மாட்டுக்குப் புல். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது எழுந்து மடை மாற்றவும் ஓர் ஆள் வேண்டும்.

மல்லிகையின் பருவமும் பள்ளிக்கூடத்தின் பருவமும் ஒன்றுக்கொன்று எதிரி. கார்த்திகையில் கவாத்து வெட்டிவிடுவோம். மார்கழியிலும் தையிலும் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும், ஆனால் செடியில் பூ இருக்காது. மாசிக் கடைசியில் மொட்டு விட்டு, பங்குனியில் கொட்டத் தொடங்கும். கொட்டும்போது விலை விழும். மார்க்கெட்டில் மிஞ்சுவது சென்ட் பேக்டரிக்குப் போகும். அந்த விலைக்கு ஆள் வைத்துப் பறித்தால் பறிகூலிக்கே கட்டாது, வீட்டு ஆட்கள்தான் இறங்க வேண்டும். பொதுத்தேர்வும் அதே மார்ச்சில். அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை, எந்தப் பயிருக்கு ஏற்றபடி தேர்வு வைத்தாலும் இன்னொரு பயிர்க்காரர் வீட்டில் இடிக்கத்தான் செய்யும். ஆனால் எங்கள் பக்கத்து டீச்சர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: மார்ச்சில் முதல் பீரியடில் தூங்குகிற பிள்ளையை எழுப்பமாட்டார்கள்.

2019 மார்ச்சில் நான் பிளஸ் டூ, அவள் பத்தாவது. இரண்டுமே பொதுத்தேர்வு. ஆனால் எங்கள் வீட்டில் தேர்வு ஒன்றுதான் இருந்தது, அது என்னுடையது. 1,200 மதிப்பெண் முறை போய் 600 மதிப்பெண்ணுக்கு எழுதிய முதல் செட் நாங்கள். “என்ன கேள்வி வரும்னு யாருக்கும் தெரியாதுப்பா” என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தினேன். “பெரியவ படிக்கட்டும், சின்னவ வரட்டும்” என்று அவர் முடிவு செய்தார். சின்னவளுக்கும் பப்ளிக்தான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முறைவைத்துப் பறித்திருப்போம். அப்பா அப்படிப்பட்ட ஆள்தான், நியாயம் கேட்பவர். நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்.

அவள் தோட்டத்தில் இருந்த நேரத்தை நான் முழுக்கப் படிப்பில் போட்டிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதல் இருக்கும். திண்ணையில் லைட்டைப் போட்டு வேதியியல் புத்தகத்தை விரித்துவைத்துவிட்டு, பல நாள் அதன் மேலேயே தலை சாய்த்துத் தூங்கினேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குப் படிப்பு வராது என்று சொன்னேனே, அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தை மாதத்தில் மேற்கு ஓரத்துச் செடிகளில் இலை மஞ்சளாகிப் போனது. உரம் பத்தவில்லை என்று அப்பா யூரியா வாங்கப் போனார். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது, இது இரும்புச்சத்துக் குறைவு, அன்னபேதி கரைத்துத் தெளித்தால் போதும் என்று சொன்னது அவள். சொன்னபடியே செடி தேறியது. அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட். அதே பெரஸ் சல்பேட்டைப் பள்ளி லேபில் பெர்மாங்கனேட் ஊற்றித் தரம்பார்த்து நான் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் செடிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுத்து, அப்புறம் பி.எஸ்சி. அக்ரி என்பதுதான் அவள் கணக்கு.

எனக்குத் தேர்வு மார்ச் 1ஆம் தேதி தொடங்கி 19ஆம் தேதி முடிந்தது. அவளுக்கு 14ஆம் தேதி தொடங்கி 29ஆம் தேதி வரை. இந்தத் தேதிகளை எழுதும்போதுதான் கை நடுங்குகிறது. 19ஆம் தேதிக்குப் பிறகு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. அவளுக்கோ கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் பாக்கி. பூ கொட்டுகிற நேரம். நான் எழுந்து போயிருக்க வேண்டும். “மே மாசம் நீட் இருக்குப்பா” என்றேன். விண்ணப்பம் போட்டிருந்தது உண்மை, அதற்கென்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. பல வருஷம் விடிகாலையில் எழுந்த உடம்பு, தூங்குகிற சுகத்தை விட மனசு வரவில்லை. கணக்குப் பரீட்சை அன்று காலையிலும் அவள் பறித்துவிட்டுத்தான் போனாள். நகக்கண்ணில் பச்சைக் கறையோடு ஹால் டிக்கெட்டை எடுத்துப் பையில் வைத்ததை நான் பாயில் படுத்தபடி பார்த்தேன்.

ஏப்ரல் கடைசியில் ரிசல்ட். பாஸ்தான், ஆனால் கணக்கிலும் அறிவியலிலும் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. வந்திருந்த சித்தி காரணம் கேட்டபோது, “அவளுக்குப் படிப்பு அவ்வளவா வராது சித்தி” என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவள் அங்கேதான் நின்றிருந்தாள். என் மதிப்பெண் நன்றாக இருந்ததால் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அன்றிலிருந்து அதுவே வீட்டின் தீர்ப்பு ஆனது.

பயாலஜி குரூப் கிடைக்கவில்லை, கலைப்பிரிவில் போட்டார்கள். கலைப்பிரிவில் படித்தால் அக்ரிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. சரி, பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து வேறு நல்ல கல்லூரிக்காவது போகலாம் என்று படித்தாள். 2021இல் கொரோனாவால் அந்தத் தேர்வே ரத்தானது. மதிப்பெண்ணைக் கணக்கிட்ட முறையில் பாதி, அதாவது 50 சதவீதம், பத்தாம் வகுப்பிலிருந்து வந்தது. பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ உள் மதிப்பீட்டுக்கு 30. அந்த மார்ச் மாதத்து மார்க் இரண்டாவது முறையும் அவள் தலையில் விழுந்தது. வாட்ஸ்அப்பில் அந்த விவரத்தைப் படித்தபோது நான் கோவையில் கல்லூரி மாணவி. அன்றைக்குக்கூட அவளுக்குப் போன் போட்டுப் பேசவில்லை.

இப்போது அவள் அப்பாவோடு தோட்டத்தைப் பார்க்கிறாள். சொட்டுநீர் போட்டது, செஞ்சிலந்திக்கு எப்போது கந்தகம் அடிப்பது, எந்தக் கடைக்குப் பூ அனுப்புவது எல்லாம் அவள் முடிவு. நன்றாகச் செய்கிறாள். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவள் தேர்ந்தெடுத்த வழி அது இல்லை.

போன பொங்கலுக்குப் போனபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தின் மேல் தூங்கியது, நீட் பொய், சித்தியிடம் சொன்னது. “தெரியும்க்கா” என்றாள். “தண்ணி குடிக்க வரும்போதெல்லாம் பார்ப்பேன், லைட்டு எரியும், நீ தூங்கிட்டு இருப்ப.” பிறகு, “எங்கிட்ட ஏன் சொல்ற? அப்பாகிட்ட சொல்லு. அவரு இன்னமும் எனக்குப் படிப்பு வராதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காரு” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபம் நியாயமானது.

அப்பாவிடம் நேரில் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர் வாசிக்கிறவர், இதை அவரிடம் கொடுக்கப்போகிறேன். சித்திக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.