பழைய கான்டாக்டரை ஏன் விட்டு வைக்க வேண்டும்?

பி.காம் படிக்கிறவனுக்கு மோட்டாரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கோயம்புத்தூர்க்காரனுக்கு மோட்டார் தூரத்துச் சொந்தம் மாதிரி :) மாமா தன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த கொட்டேஷனை நீட்டி, "எது லாபம்னு கணக்குப் போடு மாப்ளே" என்றார்.

விஷயம் டேப்பிங் மிஷின். இரும்பில் துளைக்குள் மரை போடுவது. மோட்டார் முன்னே சுற்றி மரை வெட்டும், பின்னே சுற்றி வெளியே வரும். த்ரீ பேஸ் மோட்டாரில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். அதற்கு இரண்டு கான்டாக்டர்கள். பத்து விநாடிக்கு ஒரு துளை என்றால் எட்டு மணி நேரத்தில் 2,880. வருஷத்துக்கு 300 நாள் வைத்தால் ஒவ்வொரு கான்டாக்டரும் 8,64,000 தடவை அடிக்க வேண்டும். அதுவும் ஓடுகிற மோட்டாரை அப்படியே திருப்பும்போது கரன்ட் பல மடங்கு பாயும். தீப்பொறியில் பாயின்ட் கருகாமல் என்ன செய்யும்?

சாலிட் ஸ்டேட் கான்டாக்டரில் அசைகிற பாகமே இல்லை. எதிரெதிராகப் பிணைத்த தைரிஸ்டர்கள்தான் சுவிட்ச். பொறி இல்லை, தேய்மானம் இல்லை. ஒவ்வொரு பேஸிலும் ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வாட் சூடாகப் போகும், அதனால் ஹீட் சிங்க் வேண்டும். தைரிஸ்டர் ஒருமுறை திறந்தால் கரன்ட் பூஜ்யம் ஆகும்வரை மூடாது. நம் 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி விநாடி. அதனால் திசை மாற்றும்போது நடுவில் சின்ன இடைவெளி விட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் பேஸுக்கு பேஸ் ஷார்ட்.

இதுவரை கணக்கு சாலிட் ஸ்டேட் பக்கம்தான். ஆனால் கொட்டேஷனில் ஒரு சாதாரண கான்டாக்டரும் இருந்தது. மாமா அதைப் பேனாவால் அடித்துவிட்டார். "அதை எடுக்கத்தானே இதைப் போடறோம், மறுபடி அது எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பதில், இவை கெட்டுப்போகிற விதத்தில் இருக்கிறது. தைரிஸ்டர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது 'ஆன்' நிலையில். பல மாடல்களில் மூன்று பேஸில் இரண்டைத்தான் கட் செய்வார்கள், ஒன்று நேராகப் போகும். அதில் ஒரு தைரிஸ்டர் ஷார்ட் ஆனால், ஓடுகிற மோட்டார் ஸ்டாப் அமுக்கினாலும் நிற்காமல் சுற்றலாம். நல்ல நிலையில் இருந்தாலும் 'ஆஃப்' என்பது முழு ஆஃப் இல்லை, சில மில்லி ஆம்பியர் கசியும். நேராகப் போகிற பேஸ் மோட்டார் டெர்மினலில் எப்போதும் இருக்கும்.

மிஷினில் நிற்கிற அண்ணன் கேட்டார், "டேப் மாத்த ஸ்டாப் அமுக்குனா போதாதுங்களா தம்பி?" போதாது. மெயின் ஆஃப் செய்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். எமர்ஜென்சி பட்டன் சாலிட் ஸ்டேட்டை நம்பக்கூடாது. முன்னால் இருக்கிற சாதாரண கான்டாக்டர்தான் மூன்று பேஸையும் பிரிக்க வேண்டும். அது எப்போதாவதுதான் அடிக்கும், சீக்கிரம் தேயாது.

அடித்த வரியை நான் திரும்ப எழுதிக் கூட்டினேன். மொத்தம் கொஞ்சம் கூடியது. மாமா முணுமுணுத்துக்கொண்டே ஆர்டர் கொடுத்தார். தேய்மானச் செலவுக்கு எங்கள் அக்கவுன்ட்ஸ் புத்தகத்தில் தனித் தலைப்பு உண்டு. அந்த அண்ணனின் விரல்களுக்கு எந்தத் தலைப்பும் இல்லை. அதனால்தான் அந்த வரி கொட்டேஷனிலேயே இருந்தாக வேண்டும்.