தொலைபேசி அட்டையும் காணி உறுதியும்

சண்டிலிப்பாயில், கல்வளைப் பிள்ளையார் கோவிலுக்கு அண்மையில், பாட்டனார் விட்டுச்சென்ற காணி ஒன்று எங்களுக்கு உண்டு. எனக்கும் தங்கைக்கும் பொதுவான முதுசம். அதை ஈடு வைத்து, ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யப்போவதாகச் சென்ற மாதம் தங்கை மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்றான். தங்கை ஒப்பமிட்டுவிட்டாள். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

“எங்கடை சனம் இல்லாத நாடு எது, மாமா?” என்றான். அதுவே அவனது சந்தை ஆய்வு.

சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. 1990களில் ஜேர்மனியிலிருந்த அண்ணரின் குரலைக் கேட்பதற்காக அம்மா ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து, விடுதியொன்றில் நாட்கணக்காகக் காத்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைபேசி ஏது? அண்ணர் வாங்கிய அட்டை முப்பது நிமிடம் என்று சொல்லும். இருபதாவது நிமிடத்தில் அறுந்துவிடும். அறுந்த பின்னும் அம்மா வாங்கியைக் காதிலிருந்து எடுக்கமாட்டார்.

அந்த ஏக்கத்தை அறிந்தவர்களுக்கே அதன் வியாபாரமும் விளங்கிற்று. லியோன், பாஸ்கரன், ரதீசன் என்னும் இலங்கைத் தமிழர் மூவர் 2001இல் தொடங்கிய லெபாரா, அவர்களது பெயர்களின் தொடக்க எழுத்துகளால் ஆனது. அட்டை விற்பனையில் ஆரம்பித்துக் கைத்தொலைபேசிச் சேவைக்கு வளர்ந்தது. சொந்தமாக அலைக்கோபுரம் கிடையாது. பெரிய நிறுவனங்களிடம் நிமிடங்களை மொத்தமாக வாங்கி, குடிபெயர்ந்தோர் நடமாடும் கடைகளில் சில்லறையாக விற்றது. முல்லைத்தீவில் பிறந்த அல்லிராஜா சுபாஸ்கரன் 2006இல் தொடங்கிய லைக்காமொபைலின் வழியும் அதுவே. ஆனால் இவர்கள் தமிழரோடு நிற்கவில்லை என்பதை மருமகன் கவனித்ததாகத் தெரியவில்லை. துருக்கியரும் ஆபிரிக்கரும் போலந்துக்காரரும் அதே ஏக்கத்தோடு அதே வரிசையில் நின்றார்கள்.

பிறந்த நாளிலிருந்தே நாடு கடந்து வியாபாரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றி ஒவியாட், மக்டூகல் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் எழுதினார்கள். நிறுவனரின் வெளிநாட்டு அனுபவமும் தொடர்புகளும் அங்கே பெரும் மூலதனம் என்பது அத்துறையினர் பலரின் கருத்து. அரைவாசிதான் ஒப்புக்கொள்வேன். எங்கள் பாட்டன்மாரும் மலாயா போனவர்களே. எழுதுவினைஞராய் இருந்து, பென்சனோடு திரும்பி, கல்வீடு கட்டினார்கள். கடை திறந்தவர்களை எண்ணிவிடலாம். அந்நிய நாட்டில் எங்கே நின்றோம், கந்தோர் நாற்காலியிலா கடை வரிசையிலா என்பதில் அல்லவா விஷயம் இருக்கிறது?

மருமகன் நான்கு வருடம் மளிகை இறக்குமதிக் களஞ்சியமொன்றில் பெட்டி சுமந்தவன். எந்தப் பொருள் விற்காமல் திரும்பி வரும், எந்த லேபிள் சுங்கத்தில் மாட்டும் என்று ஒரு மணி நேரம் சொன்னான். அது நாற்காலி அறிவல்ல, எனக்குப் பிடித்திருந்தது.

“உன்னோடு வேலை செய்த பிலிப்பினோப் பொடியன்கள் ஒடியல் கூழ் குடித்திருக்கிறார்களா?” என்று கேட்டேன்.

பேசாமல் இருந்தான். “கேட்டுப் பார்க்கேல்லை, மாமா.”

பத்துக் கிலோ மாவோடு ரொறன்ரோ திரும்பியிருக்கிறான். உறுதி என் மேசை இலாச்சியில் கிடக்கிறது. தங்கை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.