பங்குத்தந்தையின் தண்ணீர்

ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள பாட் வோரிஸ்ஹோபன் நகருக்கு வருவோர் முதலில் தேடுவது ஆலயத்தை அன்று. குளிர்ந்த நீர் நிற்கும் நடைத்தொட்டிகளையே. நாமும் அப்படித்தான் சென்றோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் நீரில், கொக்கைப்போல ஒவ்வோர் அடிக்கும் பாதத்தை நீருக்கு மேலே முழுவதும் தூக்கி நடக்க வேண்டும். குளிர் கடிக்கத் தொடங்கியதும் கரையேறி, துவாலை தொடாமல் கையாலேயே நீரை வழித்துவிட்டு, காலுறை அணிந்து சூடு பிறக்கும்வரை நடக்க வேண்டும். ஏற்கெனவே கால் சில்லிட்டிருப்பவர் இறங்கலாகாது. மருத்துவம் இவ்வளவே!

இதனை உலகறியச் செய்தவர் அருட்தந்தை செபஸ்தியான் க்னைப். 1821இல் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். குருத்துவப் படிப்புக்கு முயன்ற நாள்களில் காசநோய் அவரைப் பற்றியது. பழைய நூலொன்றில் படித்ததை நம்பி, 1849ஆம் ஆண்டின் கடுங்குளிரிலே டில்லிங்கன் நகரில் தன்யூப் ஆற்றில் முங்கி எழுந்தார். பிழைத்தார், 1852இல் குருவானார். 1855இல் இவ்வூரிலுள்ள புனித சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்துக்கு ஆன்ம குருவாக வந்தார், 1881இல் பங்குத்தந்தையானார். 1886இல் அவரது நீர்ச் சிகிச்சை நூல் வெளிவந்ததும் நோயாளர் திரள்திரளாக வந்தனர். 'பாட்', அதாவது நீராடல் நகர், என்ற அடைமொழி ஊருக்குக் கிடைத்தது 1920இல்தான்.

மடத்தின் ஆலயத்தைக் காணாமல் திரும்பக்கூடாது. சிம்மர்மன் சகோதரர்களின் சுதை வேலைப்பாடும் விதான ஓவியங்களும் அங்கே உள்ளன. மடத்திலேயே க்னைப் அருங்காட்சியகமும் உண்டு.

குருவானவருக்கு வைத்தியம் எதற்கு என்று அன்றைய மருத்துவர்களும் மருந்து விற்பவர்களும் முறையிட்டனர். அந்த முறையீடு முற்றிலும் அநியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். இன்று காசநோயாளர் எவரும் மாத்திரையை விட்டுத் தொட்டியை நம்பலாகாது. ஆனால், மருத்துவரை அணுக வழியற்ற ஏழைக்கு அன்று வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? புகழ் வந்தபோது அவர் தமக்கு மாளிகை எழுப்பவில்லை. குருக்களுக்கென 1891இல் செபஸ்தியானேயும் இல்லமும், நோயுற்ற குழந்தைகளுக்கென 1893இல் ஒரு காப்பகமும் எழுந்தன. அதே ஆண்டில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அவருக்கு மொன்சிஞ்ஞோர் பட்டமளித்தார்.

உணவு, உறக்கம், உழைப்பு, மனத்தின் ஒழுங்கு ஆகியவை சீராகாதவரை நீரால் மட்டும் பயனில்லை என்பது அவர் கண்டது. நாம் பார்த்த விடுதி விளம்பரங்களில் இந்தக் கடைசிப் பகுதி மிகச் சிறிய எழுத்தில்தான் இருந்தது.

1897 ஜூன் 17ஆம் நாள், கட்டி நோயால் அவர் இறந்தார். நீர் அதைத் தடுக்கவில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில், அவரது கல்லறை முன் நெடுநேரம் நின்றோம். அது ஒரு தோல்வியாக நமக்குத் தோன்றவில்லை.